தண்ணீர் இல்லாத இடத்தில் மூழ்கினேன்

எங்கள் ஊர் சல்லியில் என்னைப் பற்றி மூன்று கதைகள் உலாவுகின்றன. எனக்கு மாரடைப்பு வந்தது என்பது ஒன்று. இந்தியாவில் கண்டதையும் குடித்து ஈரல் போய்விட்டது என்பது இன்னொன்று. பனியில் நின்று படம் எடுத்ததில் நெஞ்சில் குளிர் பிடித்துவிட்டது என்பது மூன்றாவது. மூன்றும் பொய். பனி மலை உச்சிகளில்தான் கிடந்தது. நான் நின்ற இடத்தில் வெறும் புழுதி.

எனக்கு வந்தது என்னவென்றால், நெஞ்சுக்குள் தண்ணீர். முப்பது வருஷம் கடலுக்கு அடியில் மூச்சை அடக்கி வேலை செய்தவன் நான். ஒரு நாளும் ஒரு மிடறு கடல்நீர் என் நெஞ்சுக்குள் போனதில்லை. மழையே பெய்யாத ஒரு மலைப் பாலைவனத்தில், பாயில் படுத்தபடி நான் மூழ்கினேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

அழகாக எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன். இப்போது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வந்து தாய் தகப்பனை அந்த மலைகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். நிலாவெளியிலிருந்து இந்த முறை இரண்டு குடும்பம் போகப்போவதாகக் கேள்வி. போகிறவர்கள் முதலில் இதை வாசிக்கட்டும். வாசித்துவிட்டுப் போகட்டும்.

என் வேலையைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். திருகோணமலைத் துறைமுகத்திலும் கரையோரத்திலும் படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால், நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டால், என்னைக் கூப்பிடுவார்கள். சிலிண்டர் கிடையாது. கண்ணாடி, கத்தி, மூச்சு, இவ்வளவுதான் ஆயுதம். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தால் ஒரு கட்டத்தில் நெஞ்சும் வயிறும் தானாக உதறும். மேலே வா, மூச்சை எடு என்று உடம்பு கேட்கிற உதறல் அது. முதல் உதறலுக்கே மேலே வருகிறவனை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். அன்றைக்கு முழுக்க அவன்தான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். நான் பதினாறு வயதில் இரண்டு நாள் ஊற்றினேன். பிறகு ஊற்றவில்லை. உதறலைப் பொறுக்கப் பழகினேன். ஐந்து உதறல், பத்து உதறல் என்று எண்ணிக்கொண்டே வேலை செய்தேன். போகப்போக உதறல் வருவதே குறைந்துவிட்டது. அதைத் திறமை என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

போன ஆடியில் என் மனைவி தேவியின் தம்பி சுதன் கனடாவிலிருந்து வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. இமயமலைக்குப் பின்னால் ஸ்பிதி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது, மரமே இல்லாத மலை, நடுவில் நீல ஆறு, கோடையில் மட்டும்தான் போகலாம் என்று கைத்தொலைபேசியில் படம் படமாகக் காட்டினான். அக்காவுக்கும் அத்தானுக்கும் இதைக் காட்டாமல் திரும்பிப் போகமாட்டேன் என்று நின்றான். சரி, போவோம் என்றேன்.

சுதன் எல்லாம் படித்துவைத்திருந்தான். உயரம் கூடக்கூடக் காற்றில் ஒட்சிசன் குறையும். உடம்பு பழக நாள் எடுக்கும். முதல் இரண்டு நாள் பெட்டியைக்கூடத் தூக்கக்கூடாது. தலையிடித்தால் உடனே சொல்ல வேண்டும். போவதற்கு முன்னமே அதற்கான குளிசையை விழுங்க வேண்டும். இதையெல்லாம் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு வாத்தியார் மாதிரிச் சொன்னான். அவன் பார்வை முழுக்கத் தேவியில்தான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு இருக்கிறது. மாடிப்படி ஏறினால் இழுக்கும். அவளுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். என்னைப் பற்றி ஒருவரும் பயப்படவில்லை. நானும் பயப்படவில்லை.

"மச்சான், ஏழு பாகம் ஆழத் தண்ணிக்குள்ளை நிண்டு வலை அறுக்கிறவனுக்குக் காத்துக் குறையும் எண்டு படம் காட்டாதை" என்றேன். சுதன் சிரித்தான். தேவி குளிசையைப் போட்டாள். நான் என்னுடையதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டில்லியிலிருந்து பஸ், பிறகு ஜீப். இரண்டு கணவாய்களைத் தாண்டி, ஆற்றுப் படுக்கையிலேயே போகிற வீதியில் எலும்பு கழன்று விழுகிற மாதிரிக் குலுங்கி, பின்னேரம் பள்ளத்தாக்கின் பெரிய ஊருக்கு வந்து சேர்ந்தோம். பெரிய ஊர் என்றால் எங்கள் நிலாவெளிச் சந்தி அளவு. சுற்றிவர மலை. ஒரு புல் இல்லை. சுட்ட செங்கல் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் மண் மட்டும். வெயில் தோலைச் சுட்டது, நிழலுக்குள் போனால் குளிர்ந்தது. தேவி ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இழுக்கவில்லை.

அந்த ஊரில் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டுப் பிறகு மேலே உள்ள கிராமத்துக்குப் போவது சுதனின் திட்டம். அதைக் கெடுத்தது நான். அடுத்த நாள் காலையே, இங்கே படுக்கவா இவ்வளவு தூரம் வந்தது, மேலே போவோம் என்று நின்றேன். சுதன் இரண்டு தரம் மறுத்தான். அவன் என் கலியாணத்தில் காற்சட்டையோடு ஓடித்திரிந்த பெடியன். இன்றுவரைக்கும் என் சத்தத்துக்குப் பயம். விட்டுக்கொடுத்துவிட்டான். அவனில் ஒரு பிழையும் இல்லை. இதை எழுத்தில் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் என் மாமியார் இன்னும் அவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் கிராமம் பதினாலாயிரம் அடிக்கு மேலே. இருபது வீடுகூட இல்லை. நாங்கள் தங்கப்போன வீடு ஒரு சரிவின் மேல் இருந்தது. மூன்று பேரின் பைகளையும் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். வீட்டுக்கார மனுஷி வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் சிரித்துக்கொண்டு ஏறினேன். மேலே போய்ப் பையை இறக்கியபோது தலையிடி வந்தது. மத்தியானம் வறட்டு இருமல் தொடங்கியது. புழுதி என்றேன். பொழுதுபடும்போது சாப்பாட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர்களின் வெண்ணெய்த் தேத்தண்ணியில் பழியைப் போட்டேன். தேவி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

படுத்த பிறகு மூச்சுப் போதாமல் இருந்தது. பெரிய திணறல் ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள் கடைசிப் பகுதியில் வருமே, அது மாதிரி. எனக்குப் பழகின உணர்வு. அப்போது நான் செய்ததைத்தான் இதில் முக்கியமாக எழுத வேண்டும். வேறு ஒருவன் என்றால் எழும்பி உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு எடுத்திருப்பான். நான் மூச்சை அடக்கினேன். நுரையீரல் சோம்பல்பட்டுக் கிடக்கிறது, அதை வழிக்குக் கொண்டுவருகிறேன் என்று நினைத்தேன். காற்றே இல்லாத அந்த இடத்தில், இருந்த காற்றையும் எடுக்காமல், அறுபது, எழுபது என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். விட்டு விட்டுப் பல தரம் செய்தேன். தேவி ஒருக்கால் எழும்பி என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை, படு என்றேன்.

விடிந்ததும் கக்கூசுக்குப் போக வெளியே வந்தேன். பத்தடி நடக்க முடியவில்லை. மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். நகங்களைப் பார்த்தேன், நாவல்பழம் தின்ற வாய் மாதிரி நீலம். பின்னால் வந்த தேவி குனிந்து என் முதுகில் காதை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை நெஞ்சுக்கை என்ன சத்தம்?"

"சளி."

"எனக்குத் தெரியாத சளியே? எனக்கு வராத இழுப்பே? இது குடத்துக்கை தண்ணி குலுங்கிற சத்தம்."

அப்போது இருமினேன். வாயைப் பொத்தின துவாயில் வந்தது சளி இல்லை. நுரை. இளஞ்சிவப்பு நிறத்தில், சவர்க்காரம் போட்ட மாதிரி. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்த பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? சுதனுக்குச் சொல்லாதே என்றேன். எங்கள் வேலையில் உடம்புக்கு வருத்தம் என்று சொன்னவனை அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள். அந்தப் பழக்கம் சாகும் நேரத்திலும் வாயில் வந்தது.

 தேவி நேரே குசினிக்குள் போனாள். வீட்டுக்கார மனுஷிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தேவி தன் நெஞ்சில் கையை வைத்து, வாயால் தண்ணீர் குமிழியிடுகிற சத்தத்தைப் போட்டுக் காட்டினாளாம். அந்த மனுஷி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார். அந்தச் சத்தம் அவர்களுக்குத் தெரியும். கால் மணித்தியாலத்தில் அவரின் புருஷன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குள் தேவி சுதனையும் எழுப்பிவிட்டாள். பெரிய ஊரின் ஆஸ்பத்திரிக்கு இறங்க ஒரு மணித்தியாலம். அந்த மணித்தியாலம் முழுக்க எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேனாம். எனக்கு அது ஞாபகமே இல்லை. தேவி சொல்லித்தான் தெரியும்.

சின்ன ஆஸ்பத்திரி. ஒரு தட்டுக் கட்டடம். தாதி என் விரலில் ஒரு சிறிய கருவியை மாட்டினார். இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று காட்டுகிற கருவி. கொரோனாக் காலத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடல்மட்டத்தில் நல்ல ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேலே இருக்கும். அந்த உயரத்தில் எண்பத்தைந்து, தொண்ணூறு இருந்தால் போதுமாம். எனக்கு ஐம்பத்திரண்டு. தாதி கருவி பழுது என்று நினைத்து விரலை மாற்றினார். ஐம்பத்திரண்டு. வேறு கருவி கொண்டுவந்தார். ஐம்பத்தொன்று. நான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, எப்போது திரும்பிப் போகலாம் என்று சுதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டொக்டர் முப்பது வயதுகூட இல்லாத ஒரு பெண், அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். எனக்கு முகமூடியைப் போட்டு ஒட்சிசனைத் திறந்துவிட்ட பிறகுதான் பேசினார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய நுரையீரல் இரண்டிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டின மாதிரி வெள்ளை. சுதனிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். சுதன் என் பக்கம் திரும்பி, "நெஞ்சிலை கொஞ்சம் தண்ணி பிடிச்சிருக்காம் அத்தான். ஒட்சிசன் தந்தாச் சரியாம்" என்றான். அவ்வளவு நேரப் பேச்சுக்கு இரண்டே வரி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மனுஷன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். "நீங்க தமிழுங்களாண்ணா?" என்று கேட்டார். திருச்செங்கோட்டுக்காரர், பெயர் முருகேசன். குழாய்க்கிணறு தோண்டுகிற இயந்திர வண்டியோடு இந்தியா முழுக்கத் திரிகிறவராம். அந்த ஊரில் தோண்டும்போது இரும்புக் குழாய் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஹிந்தியும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். என் கதையைக் கேட்டுவிட்டு, "ஆயிரம் அடி தோண்டுனாலும் சொட்டுத் தண்ணி வராத ஊருங்ணா இது. உங்க நெஞ்சுல மட்டும் எப்படிங்ண்ணா வந்துச்சு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்தது. தாதி இரண்டு பேரையும் ஏசினார்.

சுதன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் முருகேசனிடம் நேரே கேட்டேன், அந்த டொக்டர்ப் பிள்ளை உண்மையில் என்ன சொன்னது என்று. அவர் தேவியைப் பார்த்தார். தேவி, சொல்லுங்கோ என்றாள்.

"உங்க மச்சான் பாதிதானுங்ணா சொன்னாரு. இதுக்கு மருந்துன்னா கீழ எறங்கறதுதானாம். கீழ போற ரோட்டுல மலை சரிஞ்சு கெடக்குது. இன்னொரு ரோடு கணவாய் மேல ஏறித்தான் போவோணும், ஏத்துனா வழியிலயே போயிருவாருன்னு சொல்றாங்க. ரோடு தொறக்கற வரைக்கும் இந்தச் சிலிண்டர வெச்சுத்தான் பாக்கோணுமாம். நாளைக்குக் காலைல இருந்தாருன்னா அப்புறம் பயமில்லைங்கறாங்க."

இருந்தார் என்றால். அந்த வார்த்தை எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. எனக்கு வலி இல்லை. மயக்கம் இல்லை. முகமூடியைப் போட்டபடி சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அடுத்த நாள் காலை இருக்குமோ தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் தேவியைப் பார்த்தேன். அவள் அழவில்லை. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். வேர்த்திருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தேத்தண்ணியோடு திரும்பி வந்த தம்பியிடம், "இனி அந்தப் பிள்ளை சொல்லுறதை ஒரு சொல் விடாமல் சொல்லு. இல்லையெண்டா நான் இந்த அண்ணையைத்தான் கேப்பன்" என்றாள். சுதன் வாசலில் நின்றே அழுதான்.

இந்த நோயை இப்போது என்னால் எவருக்கும் விளங்கப்படுத்த முடியும். காற்றில் ஒட்சிசன் குறைந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் இறுகும். இறுகினால் உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் இரத்தத்திலிருக்கிற நீர் கசிந்து காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளுக்குள் போகும். காற்று நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். அவ்வளவுதான். கிருமி இல்லை. குளிர் இல்லை. பலசாலி, நோஞ்சான் என்று பார்க்காது. வேகமாக ஏறி, உடம்பை முறித்து வேலை செய்தவனை முதலில் பிடிக்கும். குழாயின் இறுக்கத்தைக் குறைக்க ஒரு குளிசை தந்தார்கள். மற்றபடி ஒட்சிசன், ஒட்சிசன், ஒட்சிசன்.

அந்த இரவைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தேவி கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். மூன்று தரம் சிலிண்டர் மாற்றினார்கள். இரும்பு உருளை நிலத்தில் உருண்டு வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம், அதற்குப் பிறகு இன்னும் எத்தனை இருக்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முருகேசன் தூங்காமல் தன் ஊர்க் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடினால் தேவி தோளில் தட்டி மூச்சை இழுங்கோ என்பாள். தொய்வுக்காரி எனக்கு மூச்சு எடுக்கப் பழக்கினாள்.

காலையில் எழுபத்தெட்டு. டொக்டர் வந்து பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன தொழில் என்று கேட்டார். சுதன் சொன்னான். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். நோயில் கிடந்தும் பெருமை போகவில்லை. அவருக்குப் பெருமையாகத் தெரியவில்லை. கிராமத்தில் படுத்த இரவு என்ன செய்தேன் என்று கேட்டார். மூச்சை அடக்கிப் பழக்கியதைச் சொன்னேன். சுதன் அதை மொழிபெயர்க்க முன்னம் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான்.

டொக்டர் ஒரு சோதனை செய்தார். தன் கையாலேயே என் முகமூடியைக் கழற்றி, கருவியின் எண் எனக்குத் தெரியாமல் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். மூச்சுத் திணறியதும் கையைத் தூக்கச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்தேன். முருகேசன் எட்டி எண்ணைப் பார்த்தார். அவரின் முகம் மாறியது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கையைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. டொக்டர் சட்டென்று முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அறுபத்தொன்று.

சுதன் ஒரு சொல் விடாமல் சொன்னான். "மற்ற ஆக்களுக்கு இந்த அளவுக்கு இறங்கினா நாய் இளைக்கிற மாதிரி இளைக்குமாம் அத்தான். அந்த இளைப்புத்தான் ஆளைக் காப்பாத்திறதாம். உங்கடை உடம்பு கேக்கிறதையே விட்டிட்டுதாம். நீங்கள் பழக்கிப் பழக்கி அதின்ரை வாயைப் பொத்திப் போட்டியளாம். முழுக்க அதாலதான் வந்தது எண்டு சொல்ல ஏலாதாம், ஆனா அதுவும் ஒரு காரணமாய் இருக்குமாம். இனி எப்படி இருக்கு எண்டு உங்களிட்டைக் கேக்கமாட்டாவாம். அக்காட்டைத்தான் கேப்பாவாம்."

முருகேசன் சிரித்தார். தேவி சிரிக்கவில்லை. "என்ரை அத்தார் செத்ததும் உப்பிடித்தானே எண்டு கேள்" என்றாள் தம்பியிடம்.

என் அண்ணனைத்தான் சொன்னாள். அவரும் இதே வேலை. பதினொரு வருஷத்துக்கு முதல் துறைமுகத்துக்குள் ஒரு படகின் நங்கூரத்தை எடுக்க இறங்கினார். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. மேலே வரவில்லை. நான்தான் இறங்கித் தூக்கினேன். சங்கிலிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். கண்ணாடி கழலவில்லை. கத்தி கையில் இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவர் தவித்த அடையாளமே இல்லை. மாரடைப்பு என்றார்கள், வேறு என்னென்னவோ சொன்னார்கள். நான் செத்தவீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? கடைசிவரைக்கும் உதறாத மனுஷன் என்று சொன்னேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னேன்.

சுதன் சொன்னதை டொக்டர் முழுக்கக் கேட்டார். தான் மலையில் வேலை செய்கிறவள், கடலைப் பற்றித் தெரியாது, பார்க்காத ஆளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஆனால் உடம்பு மூச்சைக் கேட்காவிட்டால் மயக்கம் வரப்போவது ஆளுக்குத் தெரியாது, வலிக்காது, விளக்கை அணைத்த மாதிரி இருக்கும் என்றார்.  

மூன்றாம் நாள் வீதியைத் திறந்தார்கள். சிலிண்டரோடு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். முருகேசன் முறியாத கையைத் தூக்கி, "ஊருக்குப் போயி ஒரு போன் போடுங்ணா" என்றார். அதிகாலையில் வெளிக்கிட்டு, ஆற்றோடு ஆறாக ஒரு முழுப் பகல் இறங்கினோம். முதலில் கல், பிறகு முள்ளுப் புதர், பிறகு ஆப்பிள் தோட்டம். ஒவ்வொரு மணித்தியாலமும் தேவி கருவியை என் விரலில் மாட்டிச் சுதனுக்கு எண்ணை வாசித்தாள். எண்பது. எண்பத்திரண்டு. எண்பத்தேழு. தொண்ணூறு வந்தபோது சுதன் ஜீப்பை நிற்பாட்டச் சொல்லி, வீதியோரத்தில் போய் நின்று முகத்தைக் கழுவினான். எனக்கு முகமூடி இல்லாமலே மூச்சு நெஞ்சின் அடிவரைக்கும் போனது. ஒரு மருந்தும் புதிதாகத் தரவில்லை. கீழே இறங்கியது மட்டும்தான்.

கீழே இருந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். பெரிய வாட்டு, நிறையச் சனம். பாஷை தெரியாமல் நாங்கள் அடுத்த கட்டிலுக்குக்கூட ஒரு சொல் பேச முடியாமல் இருந்தோம். ஆனாலும் ஒரு மனுஷி ஒவ்வொரு காலையும் தேவிக்கு இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். யாரென்று இன்றுவரைக்கும் தெரியாது. கடைசி எக்ஸ்ரேயில் பஞ்சு இல்லை. இரண்டு பக்கமும் நல்ல கறுப்பு.

திருகோணமலைக்கு வந்து இங்கேயும் காட்டினேன். இங்கே உள்ள டொக்டர் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இனி அந்த மாதிரி மலைக்குப் போகவேண்டாம் என்றார். கடலில் இறங்கலாமா என்று கேட்டேன். நுரையீரலுக்குத் தடையில்லை, ஆனால் உமக்கு எச்சரிக்கை தருகிற மணி வேலை செய்யவில்லை, அதுக்கு நான் மருந்து தர ஏலாது என்றார். ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. தேவிக்கும் அது தெரியும். ஒரு மாதமும் அவள் போங்கோ என்றும் சொல்லவில்லை, போகாதேங்கோ என்றும் சொல்லவில்லை.

கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். உதறலுக்கு மேலே வாங்கோடா, வெட்கப்படாதேங்கோடா என்றேன். காதில் போட்டவனும் உண்டு. மலைக்குப் போய்ப் பயந்துபோய் வந்திருக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவனும் உண்டு. சிரிக்கட்டும். பிணம் தூக்கினவன் சொல்லுகிறேன்.

போன கிழமை சாம்பல்தீவுக்காரர் ஒருவரின் படகு, விசிறியில் வலை இறுகி இறங்குதுறையோடு கட்டிக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் கத்தியை எடுத்தபோது தேவியும் வெளிக்கிட்டாள். கையில் ஒரு நைலோன் கயிறு. துறையில் வைத்து என் இடுப்பில் கட்டினாள். மறு நுனியைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஐம்பது வரைக்கும் எண்ணுவேன், பிறகு இழுப்பேன் என்றாள்.

படகுக்காரருக்குச் சிரிப்பு. "என்ன அக்கா, மாட்டைக் கட்டிக்கொண்டு வாற மாதிரி வந்திருக்கிறியள்?"

"மாடு எண்டாக் களைச்சாப் படுத்திடும் தம்பி. இது படுக்காது."

இறங்கினேன். வலை நன்றாக இறுகியிருந்தது. மூன்றாம் முறை இறங்கியபோது கடைசிப் புரியில் கத்தி போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு இழுவை இழுத்தால் அறும். கயிறு இடுப்பைப் பிடித்து இழுத்தது. மேலே வந்து கண்ணாடியைக் கழற்றிக் கத்தினேன்.

"இன்னும் ஒரு புரிதான் கிடந்தது. ஏன் இழுத்தனீ?"

"ஐம்பது."

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. நான் நல்லாத்தானே இருந்தனான்."

"அதுக்குத்தான் இழுத்தனான்."

படகுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். நான் படகின் ஓரத்தைப் பிடித்தபடி தண்ணீரில் நின்றேன். உண்மையாகவே எனக்கு ஒன்றும் செய்யவில்லை. களைப்பில்லை, மூச்சு முட்டவில்லை, நெஞ்சில் ஒரு உதறல்கூட இல்லை.  மூச்சை எடுத்தேன், விட்டேன், எடுத்தேன், அவள் போதும் என்று தலையை ஆட்டுகிற வரைக்கும் எடுத்தேன். பிறகு இறங்கினேன். தண்ணீர் காதை மூடுவதற்கு முன்னம் அவள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவது கேட்டது.